மீன் வராத வெள்ளிக்கிழமை

வெள்ளி, தவக்காலம் இரண்டாம் வாரம்.

மகன் தன் பிள்ளைகளோடு என்னையும் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போனான். அங்கே உணவகத்தில் கைப்பேசியில்தான் ஆர்டர் செய்ய வேண்டுமாம். எனக்கு மீனும் சோறும் கேட்டான். உடனே வந்துவிடும் என்று நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டேன்.

ஒரு மணி நேரமாகியும் குடிக்கக்கூட எதுவும் வரவில்லை. கையை உயர்த்தினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்சுலின் வேலை செய்ய, சர்க்கரை இறங்கி உடம்பு வேர்க்கத் தொடங்கியது.

கடைசியில் ஒரு பெண் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். சோற்றின்மேல் கோழிக் குழம்பு.

“இன்னிக்கு நான் இறைச்சி தொட மாட்டேன். மீன் எங்கேம்மா?”

“மீன் ஹாபிஸ், முடிஞ்சிருச்சு ஆண்ட்டி. சிக்கன் மட்டும்தான் இருக்கு லா.”

“வேர்த்துக் கொட்டுது, சாப்பிடுங்கம்மா” என்றான் மகன்.

தவக்கால வெள்ளிகளில் இறைச்சி உண்பதில்லை என்பது, கன்னியர் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து நான் மீறாத ஒறுத்தல். ஆறிப்போய், உப்புமில்லாத அந்தக் கோழியைச் சாப்பிட்டேன். எலும்பைத்தான் மீதம் வைத்தேன்.

தட்டெடுக்க வந்தவள், “ஓகேயா, ஆண்ட்டி?” என்று கேட்டாள். தலையாட்டினேன்.

உடம்புக்கு முடியாதபோது சாப்பிட்டால் பாவமில்லை என்று மகன் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தான். அது எனக்கும் தெரியும். சரியில்லை என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லையே, அதைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.