பீடி என்று சொன்ன வாய்

5-10-1972, வியாழன்

மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றிவிட்டுப் போனது. ஆம்ப்ளிஃபையரைத் துடைத்து வைத்தேன். ஞாயிறு ஜெபமாலை மாதா பவனிக்கு லாரியில் மைக் செட் கட்ட வேண்டும். பதினோரு வருஷமாக மாதா கோயிலுக்கு என் செட்டுதான். லாரி, தண்டையார்பேட்டை மிளகாய் மண்டி ஆசீர்வாதம் முதலாளியுடையது. மாதாவுக்கென்று வருஷா வருஷம் சும்மா கொடுப்பார்.

அதை ஓட்டுகிற வேலப்பன் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். மணலியில் பெட்ரோல் டேங்கருக்கு ஆள் எடுக்கிறார்களாம், இவனை இருபதாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்களாம். "மாசா மாசம் சொளையா சம்பளம் மாமு. பூவம்மா இப்பவே கோழி அடிச்சிட்டா" என்று சிரித்தான். பூவம்மா அவன் சம்சாரம். ஆலிஸ் காபி போட்டுக் கொடுத்தாள். எனக்கும் சந்தோஷம்தான்.

7-10, சனி

லாரியில் ஒயர் இழுத்தேன். பேட்டரி டிரைவர் சீட்டுக்கு அடியில். ஆம்ப்ளிஃபையர் பின்னால், பாட்டுப் பாடுகிற பெண்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கத்தில். நடுத் தகரத்தில் ஓட்டை போட்டு ஒயரை விட்டேன். ஓட்டைக்கு ரப்பர் புஷ் போட வேண்டும், பெட்டியில் இல்லை. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தாலும் போதும். அதையும் செய்யவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

வேலப்பன் எட்டிப் பார்த்து, "இன்னா மாமு, தகரம் ஒயர அறுத்துடாது?" என்றான்.

"ரெண்டு மணி நேரப் பவனிக்கு ஒன்னும் ஆவாது. நீ வண்டிய ஓட்டு, ஒயர நான் பாத்துக்கறேன்" என்றேன். கொஞ்சம் சிடுசிடுப்பாகவே.

8-10, ஞாயிறு

பவனியில் லாரி தீப்பிடித்தது. உயிருக்கு யாருக்கும் ஆபத்து இல்லை. இன்றைக்கு எழுத முடியாது.

9-10, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்லப் போவதில்லை, இதிலாவது இருக்கட்டும்.

ஜெபமாலையில் மூன்றாம் தேவ இரகசியம் சொல்லி முடிகிற இடத்தில் செட்டு ஊமையானது. சீட்டடியில், பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் போயிருந்தது. மாற்றினேன். பத்து வீடு தாண்டவில்லை, மறுபடியும் போனது. ஓட்டையில் ஒயர் தோல் உரிந்து தகரத்தைத் தொடுகிறது என்று அர்த்தம். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பின்னால் மாதா சப்பரம் நிற்கிறது, அதற்குப் பின்னால் தெரு முழுக்க ஜனம், கோயில் சாமியார் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார். பெஞ்சிலிருந்து சிலுவையம்மாள், "இன்னாசி, மாதாவ நடுரோட்டுல நிக்க வெச்சிட்டியே!" என்று கத்துகிறாள்.

துண்டு ஒயரை உரித்து, நாலைந்து செம்பு இழையை முறுக்கி ஃபியூஸ் இருந்த இடத்தில் வைத்தேன். அது எத்தனை கரண்ட் வந்தாலும் அறுகாது. செட்டு பாடியது. "கைகாரன்யா" என்று யாரோ சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன், அதுதான் கேவலம்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஒயர் காய்ந்து பழுத்து, பக்கத்தில் மடித்துப் போட்டிருந்த தார்ப்பாய் புகைந்தது. அதிலிருந்து ஜோடனைக் காகிதம் குப்பென்று பிடித்தது. பெண்கள் குதித்தார்கள். நான் மரம் மாதிரி நின்றேன். வேலப்பன்தான் சீட்டைத் தூக்கி எறிந்துவிட்டு வெறுங்கையால் பேட்டரி ஒயரைப் பிடுங்கினான். ஜனம் மண்ணை அள்ளிக் கொட்டி அணைத்தது. லாரியின் பின்பக்கம் பாதி கருகிவிட்டது.

ஆசீர்வாதம் முதலாளி ஓடி வந்தார். திருநெல்வேலிக்காரர். "எப்படிடே பத்துச்சு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். வேலப்பன் அப்போது தள்ளி, குழாயடியில் வெந்த கையை நனைத்துக்கொண்டிருந்தான்.

என் வாயிலிருந்து வந்தது: "டிரைவரு பீடி புடிச்சிகினு இருந்தாரு மொதலாளி."

பிடித்தான். பொய் இல்லை. அதை அவன் ஜன்னல் வழியாக ரோட்டில் போட்டு அணைத்ததையும் நான் பார்த்தேன். முதல் பாதியைச் சொன்னேன். மறு பாதியைச் சொல்லவில்லை.

11-10, புதன்

வேலப்பனை வேலையை விட்டு நீக்கிவிட்டார் முதலாளி. "மாதா வண்டியில பீடி குடிக்கவனுக்கு எங்கிட்ட சோறு கிடையாது" என்றாராம். லாரி ஸ்டாண்டில் அவனுக்குப் பேரே வைத்துவிட்டார்கள், பீடி வேலப்பன் என்று.

ஆலிஸ் கேட்டாள்: "நெசமாவே பீடிதானா?"

"பின்ன இன்னா, நானா கொளுத்துனேன்?" என்று அவள்மேல் பாய்ந்தேன். அவள் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் பேஜாராக இருக்கிறது.

14-10, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபப்பட்டது, கெட்ட வார்த்தை பேசியது, பூசைக்குப் பிந்திப் போனது, எல்லாம் ஒப்புவித்தேன். அதைச் சொல்லவில்லை. "வேற ஏதாச்சும்?" என்றார் சாமியார். "இல்ல சாமி" என்றேன்.

சீ.

20-10, வெள்ளி

மணலி வேலையும் இல்லையாம். டேங்கர்களுக்கு மேஸ்திரி லோகநாதன் என்று ஒருவர். "பெட்ரோல் ஏத்தற வண்டிப்பா. தீ வெச்சவன்னு ஊரே சொல்லுது, உன்ன எப்படி ஏத்துவேன்?" என்று கையை விரித்துவிட்டாராம். ஸ்டாண்டில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பாதி டீயை வைத்துவிட்டு வந்தேன்.

25-10, புதன்

பூவம்மா தண்ணீர்க் குழாயில் ஆலிஸிடம் சொன்னாளாம். வேலப்பன்மேல் தப்பில்லை என்று பழைய முதலாளி ஒரு வரி எழுதிக் கொடுத்தால் லோகநாதன் எடுத்துக்கொள்வாராம். சனிக்கிழமை வரைக்கும் அந்த இடம் காலியாக இருக்குமாம். வேலப்பன் இரண்டு தடவை மண்டிக்குப் போய்க் கேட்டான், முதலாளி முகங்கொடுத்தே பேசவில்லை. "கையி வேற ஆறாம கீதுக்கா, சோத்தப் பெசைய முடியல" என்று குழாயடியிலேயே அழுதாளாம்.

ஆலிஸ் இதையெல்லாம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டேன்.

நான் போய் ஒரு வார்த்தை சொன்னால் முதலாளி எழுதித் தருவார். சொன்னால்? ஃபியூஸுக்குச் செம்புக் கம்பி வைத்தவனை எவன் கூப்பிடுவான்? கோயில் போகும், கல்யாணங்கள் போகும். பதினோரு வருஷத்துப் பேர். என் பேருக்கு அவன் பிழைப்பா? எழுதிப் பார்த்தால் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது. நாளைக்குப் போகிறேன்.

27-10, வெள்ளி

நேற்றும் போகவில்லை, இன்றும் போகவில்லை. நாளைக்குக் காசிமேட்டில் கல்யாணம், செட்டு கட்ட வேண்டும். ஒத்துக்கொண்ட வேலை. திங்கட்கிழமை போகலாம். லோகநாதன் இரண்டு நாள் பொறுக்க மாட்டாரா என்ன?

28-10, சனி

கல்யாணத்தில் செட்டு நன்றாகப் பாடியது. சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

30-10, திங்கள்

சொல்லிவிட்டேன்.

மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பர் புஷ் போடாதது, ஃபியூஸ் இரண்டு தடவை போனது, செம்புக் கம்பி. மிளகாய் நெடியில் தும்மல் வந்து பாதியில் நின்று, மறுபடி சொன்னேன். ஆசீர்வாதம் முதலாளி திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் முகத்தையே பார்க்காமல் தாளை எடுத்து விறுவிறுவென்று எழுதினார். "இதக் கொண்டு போய் அவன்கிட்ட குடு. இங்க அவன் எடத்துக்கு ஊர்லேர்ந்து ஆள் வந்துட்டான், நான் ஒண்ணும் செய்யதுக்கில்ல. நீ இனி என் வண்டிப் பக்கம் வரப்படாது" என்றார்.

வேலப்பன் வீட்டுக்குப் போனேன். தாளைக் கொடுத்தேன். படித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, "வா" என்றான். இரண்டு பேரும் பஸ்ஸில் மணலிக்குப் போனோம். லோகநாதனிடம் தாளைக் கொடுத்து, தீக்கு நான்தான் காரணம் என்று நானும் சொன்னேன். அவர் நல்ல மனுஷன், முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "சனிக்கெழம சாயங்காலமே ஆள் ஏத்திட்டனேப்பா. முந்தாநேத்து வந்திருந்தா இந்த சீட்டே போதும்" என்றார்.

முந்தாநாள் நான் காசிமேட்டில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"சீட்டு என்கிட்ட இருக்கட்டும், வேற வண்டி வந்தா சொல்லியனுப்பறேன்" என்றார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் வேலப்பன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். திருவொற்றியூர் தாண்டியது. நானே ஆரம்பித்தேன். "என்ன மன்னிச்சிடு வேலப்பா. நீ அந்த கம்பிய பாத்திருக்க மாட்ட—"

"பாத்தேன் மாமு. ஒயரப் புடுங்குனதே நானு. பீசு இருக்கற எடத்துல கம்பி பல்ல இளிச்சிகினு கீது, கண்ணு தெரியாதா எனக்கு?"

"அப்ப ஏன் சொல்லல?"

"யாரு சொன்னா சொல்லலைன்னு? அன்னிக்கே மொதலாளியாண்ட சொன்னேன். இன்னா சொன்னாரு தெரியுமா? 'இன்னாசி கோயிலுக்குச் செய்யிற மனுசன்டே, அவன் பொய் சொல்ல மாட்டான்'னாரு."

ராயபுரத்தில் இறங்கி அவன் பாட்டுக்குப் போனான். நான் அங்கேயே ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தேன். ஐயோ, அந்தப் பேரைக் காப்பாற்றத்தானே நான் மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்!

1-11, புதன்

பூசை முடிந்ததும் சாமியாரிடம் சொன்னேன், பாவசங்கீர்த்தனக் கூண்டில் இல்லை, வெளியில், எல்லார் எதிரிலும். கிறிஸ்துமஸுக்கு வேறு செட்டு பார்த்துக்கொள்கிறோம் என்றார். சரி என்றேன். லாரி ஸ்டாண்டுக்கும் போய்ச் சொன்னேன். ஒருவன் சிரித்தான், ஒருவன் காறித் துப்பினான். கிளீனர் முப்பிடாதி மட்டும், "இத்த சொல்றதுக்கு இத்தினி நாளா?" என்று கேட்டான்.

ஆலிஸிடம் கடைசியாகச் சொன்னேன். "நீங்க எம்மேல கத்துனீங்களே, அன்னிக்கே தெரியும்" என்றாள்.

17-11, வெள்ளி

ஒரு சாவு வீட்டுக்குக் கேட்டு வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் அப்புறம் வருகிறோம் என்று போய்விட்டார்கள். வேலப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறானாம், அந்தக் கையோடு.

5-12, செவ்வாய்

மணலியில் புது டேங்கர் வந்து, லோகநாதன் சொல்லியனுப்பி, வேலப்பன் நேற்று வண்டி ஏறிவிட்டானாம். பூவம்மாவே வந்து ஆலிஸிடம் சொல்லி, இரண்டு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தேன், குரல் கேட்டது, வெளியே வரவில்லை.

"என்கிட்ட சொல்லச் சொன்னாளா?" என்று ஆலிஸைக் கேட்டேன்.

அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "இல்ல" என்றாள்.