நீதிபதி படிக்காத கடிதம்

ஹெரிஃபோர்டு, 1631 மார்ச் 3, இரவு

அன்புள்ள அப்பா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம்கூட வேண்டாம். உங்கள் எழுத்தர் டோபியாஸ் பக்கத்தில் இருந்தால் அவரை வெளியே அனுப்பிவிட்டுப் படியுங்கள்.

எங்கள் பள்ளி வேலைக்காரி சிபிலைச் சிறையில் போட்டுவிட்டார்கள். பள்ளித் தலைவி பிராம்லி அம்மாளின் லேஸ் கழுத்துப்பட்டி காணாமல் போயிற்று. துவைத்தவள் சிபில், அதனால் திருடியவளும் அவள்தானாம். விலை நாற்பது ஷில்லிங். அந்த விலைக்குத் தூக்குதான் என்கிறாள் சமையற்காரி.

அப்பா, அதை எடுத்தது நான். கண்ணாடியில் பார்க்க ஒரு நிமிடம் போட்டுக்கொண்டேன். மெழுகுவர்த்தி பட்டுப் பாதி கருகிவிட்டது. பயத்தில் சமையலறை அடுப்பில் போட்டுவிட்டேன். மறுநாள் பிராம்லி அம்மாள் சிபிலின் முடியைப் பிடித்து, "எங்கடி வித்த? சொல்லுடி!" என்று கத்தியபோது நான் அங்கேயே தையலோடு உட்கார்ந்திருந்தேன். சிபில் என்னைப் பார்த்து, "பாப்பா, நீங்க உள்ள போங்க, இதையெல்லாம் பாக்காதீங்க" என்றாள். நானும் போய்விட்டேன்.

இந்த மாதம் இங்கே விசாரிக்க வருவது நீங்கள்தானே? என் பெயர் வெளியே வராமல் அவளை விட்டுவிடுங்கள். உங்களால் முடியாதா?

உங்கள் உர்சுலா


குளோஸ்டர், மார்ச் 8

செல்ல உர்சுலாவுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதத்தில் "சிறையில் போட்டுவிட்டார்கள்" என்பது வரைதான் படித்தேன். அங்கேயே மடித்து, என் முத்திரையை வைத்து, இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபம் இல்லை, கண்ணே. விசாரணைக்கு வரப்போகும் வழக்கைப் பற்றித் தனியாக வரும் எந்தக் கடிதத்தையும், அரசரே எழுதினாலும், பொருட்படுத்த மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். ஒரு முறை ஒரு பிரபு கடிதத்தோடு பெரிய சால்மன் மீனும் அனுப்பினார். இரண்டையும் திருப்பச் சொன்னேன். டோபியாஸுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஐயா, கடுதாசியத் திருப்புங்க, நியாயம். மீன் என்னய்யா பாவம் பண்ணுச்சு?"

கம்பளி வியாபாரியின் இரண்டாவது மகன் நான். பதினேழு வயதில் வக்கீல் படிப்புக்காக லண்டன் சட்ட விடுதியில் சேர்ந்தேன். விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் பயிற்சிக்காக முதல் தடவை வாதாட எழுந்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. பரிமாறுகிறவரைப் பார்த்து "மை லார்டு" என்றேன். கூடம் முழுக்கச் சிரிப்பு. நாற்பத்தாறு வயதில் பெரிய வக்கீலாக உயர்ந்து விடுதியை விட்டுக் கிளம்பிய அன்று, செத்தவனுக்கு அடிப்பதுபோல எனக்கு மணி அடித்தார்கள். அது அங்கே வழக்கம். ஐம்பதில் நீதிபதியின் சிவப்பு அங்கி. எட்டு வருடமாகக் குதிரை மேல் ஊர் ஊராகப் போகிறேன். "அங்கி உங்களுக்கு, இடுப்புக்குத் தைலம் தேய்க்கிற வேலை எனக்கு!" என்கிறாள் உன் அம்மா.

திருட்டு வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கு வக்கீல் கிடையாது. அவருக்காகக் கேள்வி கேட்க வேண்டியவன் நீதிபதிதான். இத்தனை வருடத்தில் எனக்குப் பிடித்த வேலை அதுதான். ஆனால் ஹெரிஃபோர்டில் அந்த இருக்கையை என்னுடன் வரும் நீதிபதி ஹோல்பீச்சுக்குக் கொடுத்துவிட்டேன். நான் நிலத் தகராறுகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஏன் என்று நீயே யோசித்துக்கொள்.

யாருக்காவது ஏதாவது தெரிந்தால் மன்றத்தில் எல்லார் முன்னாலும் சொல்லலாம். பதிமூன்று வயதுக்காரிக்கும் அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது. இதற்கு மேல் நான் எழுதக் கூடாது. ஹோல்பீச்சுக்கு இடது காது மந்தம் என்பது ஊருக்கே தெரியும், அதனால் அதை எழுதலாம்.

குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்.

அப்பா, ஜெர்வேஸ் லிண்டேல்


ஹெரிஃபோர்டு, மார்ச் 15, விடியப் போகிறது

அன்புள்ள அப்பா,

மேலே "தீர்ப்புக்குப் பிறகு பிரிக்கவும்" என்று எழுதியிருக்கிறேன். அதற்கு முன் படித்துக்கொண்டிருந்தால் இப்போதே மடித்துவிடுங்கள்.

உங்கள் கடிதம் வந்ததும் மிகவும் அழுதேன். அப்பா என்னைக் கைவிட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். மூன்று நாள் கழித்துப் பிராம்லி அம்மாளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "நீதிபதி பொண்ணு செஞ்சான்னு ஊருக்குத் தெரிஞ்சா என் பள்ளிக்கூடத்துக்கு எவ வருவா? வாய மூடிட்டுக் கெட. அவ வேலைக்காரிதானே!" என்றார்.

நேற்று மதியம் சமையற்காரி சந்தைக்குப் போகும் சாக்கில் என்னையும் கூட்டிக்கொண்டு, மன்றத்துக்குச் சாட்சிகளை வரவழைக்கும் ஷெரிஃபிடம் போனாள். சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். "நாளைக்குக் காலையில ஆள் அனுப்புறேன். பெரிய கூட்டம் இருக்கும், பயந்து ஓடிட மாட்டியே?" என்றார். மாட்டேன் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பி வந்ததும் பிராம்லி அம்மாள் என்னை அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆள் வந்தால் திறந்துதானே ஆக வேண்டும்?

சாயங்காலம் ஜன்னல் வழியாக உங்களைப் பார்த்தேன். முன்னால் எக்காளம், ஈட்டிக்காரர்கள். நடுவில் நீங்கள், ஒரு கையால் கடிவாளத்தையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு. சிரித்துவிட்டேன். இத்தனை நாளில் நேற்றுத்தான் என் ரொட்டியை முழுவதும் சாப்பிட்டேன்.

ஊர் என்னைப் பற்றி என்ன சொல்லும் என்று தெரியும். உங்களைப் பற்றியும் சொல்லும். அதற்கு மன்னியுங்கள். மற்றதற்கு மன்றத்தில் சிபிலிடம் மன்னிப்பு

கீழே கதவைத் தட்டுகிறார்கள். பிராம்லி அம்மாள் இறங்கிப் போகிறார். "யாரு இந்நேரத்துல?" "ஷெரிஃப் ஆளுங்கம்மா. அந்தப் பொண்ணக் கூப்பிட வந்திருக்கோம்." அவர், அப்படி யாரும் இங்கே இல்லை என்கிறார். அப்பா, நான் ஜன்னலைத் திறந்து, இங்கேதான் இருக்கிறேன் என்று கத்தப்போகிறேன்