அம்புரோஸ் ஆட்டிய பந்தம்

(தபால் அட்டை)

இராயபுரம்
16-2-1951

சே. ம. சூ.

அன்புள்ள தம்பி ஜேக்கப்புக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நலம். நேற்று நீ வந்துபோன பின் உன்னைப் பற்றியே கவலை. மனம் கலங்காதே. இருட்டில், எதுவும் கண்ணுக்குத் தெரியாத நேரத்தில் நிகழ்ந்த விபத்து அது. உன்மேல் குற்றம் ஏதுமில்லை. லாஞ்சு ஓட்டும் சாரங்கு கடல் முழுவதையும் விளக்குப் பிடித்துப் பார்க்க முடியாது. இறந்துபோன அம்புரோஸின் ஆத்துமத்துக்காக ஞாயிறன்று ஒரு பூசைக்குச் சொல்லியிருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
எல்சி


இராயபுரம்
3-7-1953

சே. ம. சூ.

அன்புள்ள தம்பிக்கு,

உன் மகளின் நிச்சயதார்த்தப் பலகாரம் வந்து சேர்ந்தது. நெய் என்று சொல்லி வனஸ்பதியில் செய்திருக்கிறார்கள். சம்பந்தி வீட்டாரிடம் மற்ற விஷயங்களிலும் கவனமாக இரு.

நேற்று வக்கீல் தமீம் வந்திருந்தார். உங்கள் கம்பெனிமீது சிலுவையம்மாள் போட்டிருக்கும் நஷ்டஈட்டு வழக்கை நடத்துபவர் அவர். உன் லாஞ்சு மோதி இறந்த அம்புரோஸின் மனைவி அவள் என்பதை உனக்கு நினைவூட்டத் தேவையில்லை. "அன்று காலையில் உங்கள் தம்பி நேரே இங்கேதான் வந்தாராம். என்ன சொன்னார்?" என்று கேட்டார். காபி கொடுத்தேன். பதில் கொடுக்கவில்லை.

நீ என்ன சொன்னாய் என்பதை உனக்காக எழுதுகிறேன். ஈரச்சட்டையோடு என் சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னாய்: "பந்தத்த ஆட்டிகினே கீறான் அக்கா. என் கண்ணால பாத்தேன். கயிறு கேட்டு தெனம் ஆட்டுவானுங்களே, அதுன்னு நெனச்சேன். மூஞ்சியத் திருப்பிகினு வேகத்தக் கூட்டிட்டேன்."

முகத்துவாரக்குப்பத்து ஆட்கள் மீன்பிடித்துத் திரும்பும்போது ஓலைப்பந்தத்தை ஆட்டிக் காட்டுவதும், நீங்கள் கயிறு வீசிக் கட்டுமரத்தைக் கரைவரை இழுத்துப் போவதும் பழைய பழக்கம். கம்பெனி அதைத் தடுத்துவிட்டது. ஆகவே பந்தத்தைக் கண்டால் காணாததுபோல் போவது உங்கள் புதிய பழக்கம். அன்று அம்புரோஸ் கயிறு கேட்கவில்லை. அவனுடைய வலை பாறையில் மாட்டிக் கிடந்ததை மறுநாள் குப்பமே பார்த்தது. நகர முடியாமல் நின்றவன், விலகிப் போ என்று ஆட்டியிருக்கிறான்.

கட்டுமரத்தில் வெளிச்சமே இல்லை என்று கம்பெனி பதில் கொடுத்திருக்கிறது. அதற்கு இருக்கும் ஒரே சாட்சி நீ. அப்படியே நீ சொன்னால் சிலுவையம்மாள் வெறுங்கையோடு போவாள். பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல். நான் கோர்ட்டுப் படி ஏறவேண்டிய அவசியம் இருக்காது.

உன் அக்கா
எல்சி


எண்ணூர்
9-7-1953

சே. ம. சூ.

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி ஜேக்கப் தோத்திரம் சொல்லி எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் காலேஜ் படித்தவர்கள். நான் கடலில் வளர்ந்தவன். என் நிலைமை உங்களுக்குத் தெரியாது.

விபத்து நடந்த வாரம் கம்பெனித் துரை கூப்பிட்டு, வெளிச்சம் பார்த்தாயா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மானேஜர், "அந்த இருட்டுல இன்னா தெரியும், அப்படித்தானே ஜேக்கப்பு?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. ஆட்டிய தலையை இப்போது எப்படித் திருப்புவது? வேலை போனால் இந்தக் கம்பெனி வீடும் போகும். தை மாதம் கல்யாணம். பெண்ணின் கதி என்ன?

உங்கள் தம்பி மனைவி ஒரே அழுகை. "செத்தவனுக்குப் பூசை வெச்சாங்க உங்க அக்கா. உசுரோட கீறவனுக்கு இன்னா வெக்கப் போறாங்களாம்?" என்று கேட்கிறாள்.

நீங்கள் பொய் சொல்ல வேண்டாம். வக்கீல் திரும்பி வந்தால் பேசாமல் இருந்துவிடுங்கள். அல்லது கொஞ்ச நாள் திருச்சிக்குப் போய் இருங்கள். பேசாமல் இருப்பது பாவமாகாது அக்கா.

ஜேக்கப்


இராயபுரம்
13-7-1953

அன்புள்ள தம்பிக்கு,

திருச்சியில் எனக்கு யாரும் இல்லை. வெயில் மட்டும் இருக்கிறது. தமீம் மறுபடியும் வந்தார். நீ சொன்னதைச் சொல்லிவிட்டேன்.

அடுத்து நடக்கப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொள். உன்னைக் கூண்டில் நிறுத்தி, "உம் அக்காவிடம் இன்னின்னபடி சொன்னீரா?" என்று அவர் முதலில் உன்னைத்தான் கேட்பார். உன்னைக் கேட்காமல் என்னைக் கூப்பிட முடியாது. அந்த மரியாதையைச் சட்டம் உனக்குத் தருகிறது. ஆம் என்றால் அதோடு முடிந்தது. இல்லை என்றால், உன்னைப் பொய்யனாக்க நான் வர வேண்டும்.

வீடு போனால் இங்கே பின்கட்டு காலியாகத்தான் கிடக்கிறது. கல்யாணத்தை இங்கிருந்து நடத்தலாம். உன் மனைவியின் கேள்விக்கு இதுதான் பதில்.

எல்சி


இராயபுரம்
22-8-1953

ஜேக்கப்புக்கு,

செவ்வாயன்று வேதபுத்தகத்தைத் தொட்டு, அக்காவிடம் எதையும் சொன்னதே இல்லை என்றாய். நேற்று நான் கூண்டில் ஏறினேன். நீ கடைசி வாங்கில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஆகவே நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

கம்பெனி வக்கீல் மிக மரியாதையாக ஆரம்பித்தார். அம்மா பி.ஏ. படித்தவர்கள், தலைமையாசிரியையாக இருந்தவர்கள், ஒரு சொல்லையும் யோசிக்காமல் எழுதமாட்டார்கள் அல்லவா என்றார். அல்ல என்று சொல்ல எனக்கு அடக்கம் போதவில்லை. அப்புறம், விபத்துக்கு மறுநாள் நான் உனக்கு எழுதிய தபால் அட்டையை எடுத்தார்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"ஆம்."

"'இருட்டில், எதுவும் கண்ணுக்குத் தெரியாத நேரத்தில்.' இதுவும் நீங்க எழுதினதுதானே? அப்போ பந்தம் எங்கேம்மா?"

"அட்டையில் எழுதக்கூடிய விஷயமல்ல அது. கம்பெனி விலாசத்துக்கு வரும் தபாலை அங்குள்ள குமாஸ்தா முதலில் படிப்பார். அவர் படிப்பதற்காக அப்படி எழுதினேன்."

"அதாவது, தெரிஞ்சே பொய் எழுதினீங்க."

"ஆம். தம்பிக்காக."

"அன்னிக்குப் பொய் தம்பிக்காக. சரி. இன்னிக்கு யாருக்காகம்மா?"

கோர்ட்டு சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். அதுதான் மோசம்.

அவர் தம் தொழிலை ஒழுங்காகச் செய்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த அட்டை கால் முளைத்து அவரிடம் போகவில்லை. என் எழுத்தை இரண்டரை ஆண்டு பத்திரமாக வைத்திருக்கிறானே என்று ஒரு கணம் மகிழ்ந்துவிட்டேன். எதற்காக வைத்திருந்தாய் என்பது அடுத்த கணம் புரிந்தது.

வெளியே சிலுவையம்மாள் நின்றிருந்தாள். திட்டவில்லை. "டீச்சரம்மா, அந்தக் கார்ட எழுதறப்போ எங்கூட்டுக்காரரு நெனப்பு ஒனக்கு வரவேயில்லியா?" என்று கேட்டாள். பூசைக்குச் சொல்லும்போது வந்தது, அந்த வரியை எழுதும்போது வரவில்லை என்றேன். சத்தியம் செய்யாமலே நான் சொன்ன உண்மை அது.

எல்சி


எண்ணூர்
20-10-1953

சே. ம. சூ.

அன்புள்ள அக்காவுக்கு, ஜேக்கப் தோத்திரம்.

தீர்ப்பு உங்களுக்கும் தெரிந்திருக்கும். கேஸ் தள்ளுபடி. ஜட்ஜ் என்னையும் நம்பவில்லை, உங்களையும் நம்பவில்லை என்று கம்பெனி வக்கீல் சொன்னார். துரை எனக்குக் கை கொடுத்தார். அந்தக் கையால் அன்று முழுவதும் சோறு பிசைய முடியவில்லை.

அட்டையை நானாகக் கொடுக்கவில்லை. வீட்டில் என்னென்ன கடிதம் இருக்கிறது என்று மானேஜர் கேட்டார். எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். அவர்தான் பொறுக்கினார்.

கல்லறைத் திருநாளுக்கு வருகிறேன் அக்கா. அப்பா, அம்மா கல்லறைக்குச் சேர்ந்தே மெழுகுவத்தி ஏற்றுவோம். அப்புறம் வீட்டுக்கு வந்து உங்களிடம் மனசுவிட்டுப் பேச வேண்டும். தூக்கமே இல்லை. கண்ணை மூடினால் அவன் ஆட்டிகினே கீறான். இதை உங்களைத் தவிர யாரிடம் சொல்வேன்?

உங்கள் தம்பி
ஜேக்கப்


இராயபுரம்
26-10-1953

ஜேக்கப்புக்கு,

தீர்ப்பின் நகலைத் தமீம் அனுப்பினார். கம்பெனிக்காகப் பேசிய தம்பியும், தம்பிக்காக ஒருமுறை பொய் எழுதிய அக்காவும் ஒரே தரத்துச் சாட்சிகள் என்று நீதிபதி கருதுகிறார். என்னைப் பொறுத்தவரை அது பிழையான கணிப்பு அல்ல. வழக்கைப் பொறுத்தவரை, நிரூபிக்க வேண்டியவள் சிலுவையம்மாள். இரண்டு பொய்யர்களுக்கு நடுவே தோற்றவள் அவள் ஒருத்திதான். இப்போது சடையங்குப்பம்வரை மீன்கூடை சுமக்கிறாள். அங்கே மழைத்தண்ணீர் இன்னும் வடியவில்லை.

கல்லறைக்கு வா. அப்பா, அம்மா உனக்கும்தான் பெற்றோர். மெழுகுவத்தியை உன் பங்குக்கு நீ ஏற்று. உன் மகள் கல்யாணத்துக்கு என் இரண்டு வளையல்களை அவள் கையிலேயே கொடுப்பேன். அவள் எந்தக் கூண்டிலும் ஏறவில்லை.

மனம்விட்டுப் பேச வேண்டுமென்றால், தமீம் மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறார். வண்ணாரப்பேட்டையில் அவருடைய ஆபீஸ் மாலையில் திறந்திருக்கும். என்னிடம் வராதே. நீ கண்ணை மூடினால் என்ன தெரிகிறது என்பதை நான் கேட்டால், நாளை எவர் கேட்டாலும் சொல்லிவிடுவேன். நீ மறுபடியும் இல்லை என்பாய்.

அக்காவிடம் எதையும் சொன்னதே இல்லை என்று சத்தியம் செய்திருக்கிறாய். நேற்றுவரை அது பொய். இனிமேலாவது அது மெய்யாக இருக்கட்டும்.

எல்சி