சுவரில் இரண்டு ஓட்டை

அக்டோபர் 12, வியாழன்

என் மகள் ரோவெனாவைக் கொன்றது அவள் புருஷன் எல்மெர். இதை யார் முன்னாலும் சொல்வேன். வாஷிங் மெஷின் பிளக்கில் மூன்று பின் இருந்தது. அதில் எர்த் பின்னை அவன் ரம்பத்தால் அறுத்து எறிந்தான். மெஷினுக்குள் எங்கோ கரண்ட் கசிந்தது. மண்ணுக்குள் போக வழியில்லாமல் இரும்பு உடம்பு முழுவதும் ஏறி நின்றது. வீட்டின் பின்புறம், ஈரச் சிமெண்டுத் தரையில், வெறுங்காலோடு அவள் அதைத் தொட்டாள். அக்டோபர் மூன்று, செவ்வாய், காலை ஒன்பது மணி. வயது முப்பத்தெட்டு.

நேற்றோடு ஒன்பது நாள் ஜெபம் முடிந்தது. வந்தவர்களுக்கெல்லாம் எல்மெர் காப்பி கொடுத்தான். எனக்கும் நீட்டினான். வாங்கவில்லை.

எல்லோரும் “விதி” என்கிறார்கள். விதிக்கு ரம்பம் பிடிக்கத் தெரியுமா? எனக்குக் கரண்ட் வேலையை யாரும் சொல்லித் தரவில்லை. படித்தது ஐந்தாம் வகுப்பு. அரிசி ஆலையில் மோட்டார் துடைத்தபடி நானே கற்றுக்கொண்டது. பெரும்புயல் அடித்த வருஷம் இந்த ஏரிக்கரையில் முப்பத்தொரு வீட்டுக்கு ஒயர் இழுத்தவன் நான். என்னிடமா விதி என்று சொல்கிறார்கள்?

அக்டோபர் 13

மெஷினைத் தார்ப்பாயால் மூடி வைத்திருக்கிறான். பிளக்கை ஒயரிலிருந்து வெட்டி எடுத்துக்கொண்டேன். சாட்சி. பின் இருந்த இடத்தில் பித்தளை பளபளவென்று தெரிகிறது.

அக்டோபர் 14, சனி

ஊர் மன்றத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். மன்றத் தலைவர் கப்பித்தான் பெலிங், ஊருக்கு ‘கேப்’, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“மாங் பிலோ, மருமகன் மேலயா? இன்னும் நாப்பது நாள்கூட ஆகலியே.”

“அதனாலதான் அவசரம். நாப்பதாம் நாள் அவ ஆத்மா கெளம்பிடும். அதுக்குள்ள அவ காதுல விழணும், யாரு பண்ணினதுன்னு.”

“போலீசுக்குப் போகலியா?”

“வந்து பாத்துட்டு விபத்துன்னு எழுதிட்டுப் போயிட்டான். எனக்கு ஜெயில் வேணாம் கேப். நாப்பதாம் நாள் ஜெபத்துல எல்லார் முன்னாடியும் ‘நான்தான் கொன்னேன்’னு அவன் சொல்லணும். சொல்லிட்டு என் வீட்ட விட்டுப் போகணும்.”

நவம்பர் பதினொன்று நாற்பதாம் நாள். இருபத்தெட்டு நாள் இருக்கிறது.

அக்டோபர் 15

எல்மெருக்கும் எனக்கும் ஒரே அடுப்பு. பேச்சில்லை. திலாப்பியா மீனின் தலைப்பக்கத்தை என் தட்டில் வைத்திருந்தான். ரோவெனா அப்படித்தான் வைப்பாள்.

அக்டோபர் 18, புதன்

மன்றம் கூடியது. பக்கத்து மைதானத்தில் பந்து தட்டிக்கொண்டே இருந்தார்கள். கப்பித்தான் இரண்டு முறை எழுந்து போய் அதட்டினார்.

“எல்மெர், பின்ன அறுத்தது நீயா?”

“ஆமா கேப். நான்தான்.”

“ஏன்டா?”

“பிளக்குல மூணு பின். செவுத்துல ரெண்டு ஓட்டதான். உள்ள போகல.”

ஜெபம் நடத்தும் அலிங் சயோங் கடைசி பெஞ்சிலிருந்து கத்தினாள். “எங்க வீட்டு பிரிட்ஜுக்கும் அறுத்துதான் போட்டிருக்கு. இந்த ஊர்ல எவன் வீட்ல மூணு பின் இருக்கு? கேப், உங்க வீட்டுல?”

கப்பித்தான் கூரையைப் பார்த்தார். சிரித்தார்கள். என் மகள் செத்திருக்கிறாள், சிரிக்கிறார்கள்.

“ஊரே தப்புப் பண்ணினா அது சரியாயிடுமா?” என்றேன்.

எல்மெர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “ஒரு மாசமாவே மெஷின தொட்டா கரண்டு கிர்ருனு புடிக்குதுன்னு ரோவெனா சொன்னா. அப்பாகிட்ட சொல்லலாம்னேன். வேணாம், அவரு ஒயரிங்க குத்தம் சொல்ற மாதிரி ஆயிடும், திட்டுவாருன்னா. செருப்பு போட்டுக்கறேன்னா.”

பழியை என் பக்கம் தள்ளுகிறான். செத்தவளைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறான்.

நிரூபிக்கிறேன் என்று எழுந்து நின்றேன். அதே மெஷினில் மூன்று பின்னுள்ள முழு பிளக் மாட்டுவேன். மூன்று ஓட்டை சாக்கெட்டில் சொருகுவேன். எல்லோரும் பார்க்க டெஸ்டரை மெஷின் உடம்பில் வைப்பேன், எரியாது. பின் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று அப்போது தெரியும். இருபத்தேழாம் தேதி என் வீட்டில் கூடுவதாக முடிவானது.

அக்டோபர் 20

டவுனில் சாக்கெட்டும் பிளக்கும் வாங்கினேன். வீட்டு ஒயரிங் பற்றி ஒரு சின்னப் புத்தகமும் இலவசமாகக் கொடுத்தார்கள்.

“எர்த் ஒயர் எத்தன மீட்டர் தாத்தா?” என்றாள் கடைப்பெண்.

“எதுக்கு? சாக்கெட்டுதான மாத்தறேன்.”

ஏதோ சொல்ல வந்தாள். அவள் பிறப்பதற்கு முன்பே இந்த வேலை செய்கிறேன். கிளம்பி வந்துவிட்டேன்.

அக்டோபர் 23, திங்கள்

எல்மெர் ஏரிக்குப் போயிருந்தான். கூட்டத்துக்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மெயினை அணைத்துவிட்டுப் பழைய சாக்கெட்டைக் கழற்றினேன்.

உள்ளே இரண்டு ஒயர். என் கை முறுக்கு. வலப்பக்கமாக ஐந்து சுற்று, எங்கே பார்த்தாலும் சொல்வேன். புதிய சாக்கெட்டில் மாட்டினேன். மூன்றாவது திருகுக்கு ஒயர் இல்லை. அதை அப்படியே விட்டேன். பிளக்கை மாட்டினேன். சொருகினேன். மெயினைப் போட்டேன். காய்ந்த பலகை மேல் செருப்போடு நின்று டெஸ்டரை வைத்தேன்.

எரிந்தது.

டெஸ்டர் கெட்டுவிட்டது என்று இன்னொன்றை எடுத்தேன். அதுவும் எரிந்தது. அதே சிவப்பு.

மூன்றாவது பின் மூன்றாவது ஓட்டைக்குள் போகும். மூன்றாவது ஓட்டையிலிருந்து ஒரு ஒயர் போக வேண்டும். அது மண்ணில் அடித்த கம்பிக்குப் போக வேண்டும். இந்த வீட்டில் அந்த ஒயர் இல்லை. கம்பியும் இல்லை. நான் இழுக்கவில்லை. அடிக்கவில்லை.

அப்படியானால் அவன் அறுக்காமலே இருந்திருந்தால்?

அதே செவ்வாய். அதே ஒன்பது மணி.

அக்டோபர் 24

இல்லை. அறுத்தவன் அறுத்தவன்தான்.

அக்டோபர் 25, புதன்

அந்தச் சின்னப் புத்தகத்தை இரண்டு தடவை படித்தேன். எர்த் ஒயர் ஒவ்வொரு சாக்கெட்டிலிருந்தும் மெயின் பெட்டிவரை தனியாக வர வேண்டுமாம். வெளியே கம்பியை மட்டும் மண்ணில் அடித்தாலும் போதாது, கசிவு தெரிந்த நொடியில் தானே அணையும் பிரேக்கரும் வேண்டுமாம். பதினோராம் பக்கத்தில் ஒரு படம். குழந்தைக்குக்கூடப் புரியும்.

ஏன் விட்டேன்? எழுதிவிடுகிறேன். ஆலையில் பெரிய மோட்டாருக்குப் பச்சை ஒயர் போவதைப் பார்த்திருக்கிறேன். எதற்கென்று யாரையும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவன் ஆகிவிடுவேன். பெரிய மெஷினுக்குத்தான் அது, வீட்டுக்கு வேண்டாம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். புயலுக்குப் பிறகு வந்த ஒயர் கொஞ்சம். மூன்றாவதை விட்டால் இன்னும் பத்து வீட்டில் விளக்கு எரியும். எரிந்தது. ஊரே என் கையைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு பல்பும் ரேடியோவும்தான். பிறகு பிரிட்ஜ் வந்தது, மெஷின் வந்தது. நான் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

அக்டோபர் 27

உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். பொய். பாயில் படுத்துக் கிடந்தேன். எல்மெர் கதவருகே நின்றான்.

“அடுத்த வாரம் வச்சுக்கலாம்னு கேப் சொன்னாருப்பா. கஞ்சி சூடா இருக்கு.”

பதினாறு வருஷமாக அப்பா என்றுதான் கூப்பிடுகிறான். இன்றுதான் காதில் விழுந்தது.

நவம்பர் 1, புதன்

செத்தவர்களை நினைக்கும் நாள், எல்மெரும் நானும் கல்லறைக்குப் போனோம். ஊரே அங்கே இருந்தது, சோறும் சீட்டுக்கட்டுமாக. அலிங் சயோங் தன் புருஷன் கல்லில் போன வருஷத்து மெழுகைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“நீ நல்லதுதான் சொன்னே பிலோ, அந்தப் பொண்ணுதான் மறந்துட்டா.”

“என்ன சொன்னேன்?”

“பிரிட்ஜு புடிக்குதுன்னு நான் வந்தப்ப சொன்னியே? செருப்பு போட்டுத் தொற. அப்பவும் புடிச்சா பிளக்க எடுத்துத் திருப்பிச் சொருகுன்னு. இருபது வருஷமா அதான் பண்றேன். அதான் உசுரோட இருக்கேன்.” சிரித்தபடி கத்தியைத் துடைத்தாள். “ரோவெனா மட்டும் ஏன் செருப்ப விட்டா?”

எல்மெர் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டே சொன்னான். “அன்னிக்குத் தரைய தேச்சுக் கழுவியிருந்தா. அழுக்காயிடும்னு செருப்ப படிலயே விட்டுட்டா.”

ஆமாம், நான் சொன்னதுதான். யார் வீட்டில் எது பிடித்தாலும் அதையே சொன்னேன். கசிவு எங்கே என்று ஒரு வீட்டிலும் தேடவில்லை. பின் இருக்கும் பிளக்கைத் திருப்பிச் சொருக முடியாது. ஊரில் எல்லோரும் பின்னை அறுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். என் வைத்தியத்துக்கு வசதியாக அறுத்துக்கொண்டார்கள்.

என் மகளுக்கும் கரண்டுக்கும் நடுவே நான் வைத்தது ஒரு ரப்பர் செருப்பு.

நவம்பர் 3, வெள்ளி

இன்று அவனிடம் பேசினேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

“முழு பிளக் மாட்டிப் பாத்தேன்.”

“தெரியும்பா.”

“என்னடா தெரியும்?”

“சாக்கெட்டு மாறியிருந்துச்சே. நானும் டெஸ்டர் வச்சுப் பாத்தேன்.”

“அப்ப ஏன் கேப்கிட்ட சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா?”

அவன் வலையை விடவில்லை. “உங்கள யாராவது ஒண்ணு சொன்னா அவளுக்குப் புடிக்காது. நாப்பது நாள் அவ இங்கதான இருக்கா.”

எழுந்து வந்துவிட்டேன். யார்மேல் கோபம் என்று தெரியவில்லை, ஆனால் கோபம்தான்.

நவம்பர் 6, திங்கள்

வீடு வீடாகப் போனேன். ஏழு வீடு. மெயினை அணையுங்கள், மெஷினையும் பிரிட்ஜையும் பிடுங்குங்கள், என் ஒயரிங் தப்பு என்றேன்.

“முப்பது வருஷமா ஒண்ணும் ஆகல மாங் பிலோ.”

“பிரிட்ஜப் புடுங்கினா மீன உங்க தலையிலயா வைக்கிறது?”

“செருப்பு புதுசு வாங்கியிருக்கோம், பாருங்க.” காலைத் தூக்கிக் காட்டினான்.

ஒரு வீட்டில் காப்பி கொடுத்து, முதுகைத் தடவி, “மக போன துக்கம்” என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒருத்தனும் பிடுங்கவில்லை. தப்பாகச் சொன்னபோது முப்பத்தொரு வீடும் நம்பியது.

நவம்பர் 9

புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மன்றப் புத்தகத்தில் எல்மெர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதும்படி கப்பித்தானிடம் சொன்னேன்.

“தன் மேலயே யாராவது புகார் குடுப்பாங்களா? அதுக்கெல்லாம் ஃபாரம் இல்ல மாங் பிலோ.”

“இல்லன்னா ஒண்ணு அடிங்க.”

“போய் ரெஸ்ட் எடுங்க.”

நவம்பர் 11, சனி. நாற்பதாம் நாள்

ஜெபம் முடிந்து பீக்கோ இனிப்பைத் துண்டு போடும்போது பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன். எல்மெரைச் சொல்ல வைப்பேன் என்று ஊரே காத்திருந்தது. நான் சொன்னேன். மூன்றாவது ஒயர் இல்லாத வீட்டில் அவளை வளர்த்தவன் நான். செருப்பு போதும் என்றவன் நான். அவள் பயந்தது கரண்டுக்கு இல்லை, என் வாய்க்கு.

பிறகு யாரோ “பாவம்” என்றார்கள். தட்டு கைமாறியது. அலிங் சயோங் எழுந்து ஒரு பாட்டை ஆரம்பித்துவிட்டாள்.

ரோவெனா காதில் விழுந்ததா? தெரியவில்லை.

எல்மெர் திங்களன்று பிகோலில் அவன் அம்மாவிடம் போகிறான். இரு என்றேன். முதல் தடவையாக.

“முடியலப்பா. அந்தத் தரைய தாண்டித்தான் பின்னாடி போக வேண்டியிருக்கு.”

நவம்பர் 13, திங்கள்

காலை பஸ்ஸில் போய்விட்டான். அரிசி ஊற வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அலிங் சயோங் வீட்டுப் பக்கமிருந்து பிரிட்ஜ் கதவு அடிக்கும் சத்தம் கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் எண்ணுகிறேன்.

ஆக வேண்டியவை:

இந்த வீட்டு ஒயர் முழுவதையும் பிடுங்கிவிட்டு, மூன்று ஒயராக இழுக்க, எர்த் கம்பி அடிக்க, கசிவுக்கு அணையும் பிரேக்கர் வைக்க: டவுனிலிருந்து லைசென்ஸ் உள்ள ஆள். நான் தொடக் கூடாது. அதுவரை மெயின் அணைந்தே இருக்க: நான்.

மெஷினை உடைக்க, வேறு யாரும் எடுத்துப் போகாதபடி: நான்.

பதினோராம் பக்கத்தை நகல் எடுத்து மன்றச் சுவரில் ஒட்ட: கப்பித்தான். முதலில் தன் வீட்டு பிளக்கைப் பார்க்க: அவரே.

செருப்பு என்று இனி யாருக்கும் சொல்லாமல் இருக்க: அலிங் சயோங். சொல்வாள். அவள் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் போய் இல்லை என்று சொல்ல: நான்.

மீதி இருபத்து நான்கு வீட்டுக்குப் போக, முதல் ஏழுக்குத் திரும்பவும் போக: நான். கதவைச் சாத்தினால் மறுநாளும்.

எல்மெர்: ஒன்றும் செய்ய வேண்டாம்.

மன்றப் புத்தகத்தில் அவன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுத: கப்பித்தான். மாட்டேன் என்கிறார். நாளை எட்டு மணிக்கு அங்கே போய் உட்கார: நான்.