கதவைப் பார்க்கும் நாற்காலிகள்

மச்சான்,

மஞ்சக்குப்பம் பட்டறைக்கு இன்று காலை புது நாற்காலிகள் வந்து இறங்கின. உறையைப் பிரித்ததும் ரெக்சின் வாசனை எங்கும் பரவிவிட்டது. நீ இருந்திருந்தால் டீயைக்கூடத் தொடாமல் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்திருப்பாய். சண்டை போட ஆளில்லாத இந்தப் பட்டறை எனக்குப் பிடிக்கவில்லை.

நான் இடங்களை வடிவமைப்பவன். நீ தத்துவம் படித்துவிட்டு என்னோடு தொழிலில் சேர்ந்தவன். "தத்துவம் படிச்சவனுக்கு நாற்காலியப் பத்தி என்னடா தெரியும்?" என்று உன்னைச் சீண்டாத நாளில்லை. பிராக்மாடிசம் என்பாய். ஓர் எண்ணம் சரியா தப்பா என்பது, அதை நடத்திப் பார்க்கும்போது மனிதருக்கு என்ன ஆகிறது என்பதில்தான் தெரியும் என்பாய். எந்த வரைபடத்தை நீட்டினாலும் ஒரே கேள்விதான்: "அழகு கெடக்கட்டும் மச்சான், ஒக்கார்றவனுக்கு என்ன ஆவுது?"

சிதம்பரத்து மருத்துவமனை ஒன்றில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே காத்திருப்பு அறை அமைத்தபோது பெரிய வாக்குவாதம். நாற்காலிகள் கதவைப் பார்க்கட்டும் என்றேன். வேப்பமரம் தெரியும் ஜன்னலைப் பார்க்கட்டும், மனசு ஆறும் என்றாய். அட்டைப்பெட்டிகளை அடுக்கி இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தோம். ஜன்னல் பக்கம்தான் சுகமாக இருந்தது. நீ ஜெயித்தாய், நாற்காலிகளைத் தரையோடு முடுக்கிவிட்டோம்.

போன மழைக்காலத்தில் நீயே அந்தக் கதவுக்குள் படுத்திருந்தாய். வெளியே நான். வேப்பமரத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கழுத்து வலிக்க வலிக்கத் திரும்பிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். புவனகிரியிலிருந்து வந்த ஓர் அம்மா, நாற்காலியே வேண்டாமென்று கதவோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் வீட்டுக்காரர் உள்ளே இருந்தார். "அங்க போயி ஒக்காந்தா அவர வுட்டுட்டு வந்த மாரி இருக்கு தம்பி," என்றார்.

உன்னைப் பார்க்க விட்டபோது இதைச் சொன்னேன். உனக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் கண்ணில் அந்தப் பழைய ஆர்வம். "அப்ப நான் சொன்னது தப்பு. மாத்திடு மச்சான்," என்றாய். தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருவனை நான் பார்த்ததில்லை. அடுத்த நாள் நீ போய்விட்டாய்.

இன்று மதியம் மருத்துவமனைக்குப் போய், காத்திருப்பு அறையின் பழைய வரிசையைக் கழற்றிவிட்டு, புது நாற்காலிகளைக் கதவைப் பார்க்கப் போட்டேன். உட்கார்கிறவனுக்கு என்ன ஆகிறது என்று உன் கேள்வியைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றிலும் உட்கார்ந்தேன். கதவைப் பார்த்தும் உட்கார்ந்தேன், முடுக்குவதற்கு முன் ஒன்றைத் திருப்பிப் போட்டு ஜன்னலைப் பார்த்தும் உட்கார்ந்தேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. உள்ளே எனக்கு யாரும் இல்லை, மச்சான்.