நல்ல நேரத்தில் பிடுங்கிய பிளக்

இன்று காலை ரிப்பேருக்குக் கடைக்கு வந்த கம்ப்யூட்டர் சிஸ்டத்தின் முகத்தில் சந்தனம் காய்ந்து கிடந்தது. பவர் பட்டனுக்கு மேலே ஒரு பொட்டு, நடுவில் குங்குமம். குனிந்தால் கற்பூர வாசனையும் சேர்ந்து அடித்தது. ஆயுத பூசைக்கு மறுநாள் அல்லவா. பைபாஸ் பக்கம் டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் அக்கா அதை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

“ஆன் பண்ணுனா சுத்துது, அணையுது, திரும்பத் தானா ஆன் ஆகுது. காலையில இருந்து இதே கூத்துதான் தம்பி. இன்னொரு கடையில, உள்ள இருக்கிற எல்லாத்தையும் அழிச்சு பார்மட்தான் அடிக்கணும்ங்கிறாங்க.”

“அப்டேட் ஓடும்போது அணைச்சீங்களாக்கா?”

“அணைக்காதேன்னுதான் போட்டிருந்துச்சு. அது முப்பது பர்சன்ட்லயே நிக்குது. நல்ல நேரம் முடியப்போகுது. சாமி கும்பிடணுமா இல்லையா? பிளக்கைப் பிடுங்கிட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் ஞாபகம் வந்தது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. மற்றவர்கள் செத்தால் அவர்கள் செய்த நல்லது ஞாபகம் வரும் என்பார்கள். உன்னை நினைத்தால் இதுதான் வருகிறது. செத்தவனை ஏசக் கூடாது என்கிறாள் என் மனைவி. உயிரோடு இருந்தபோது ஏசாமல் விட்டேனே, அதற்குத்தான் இப்போது எழுதுகிறேன்.

அவனியாபுரத்தில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து இந்தக் கடையைத் திறந்தபோது உனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. “பார்மட் அடிச்சிரு மாப்ள.” மெதுவாக ஓடுகிறதா, பார்மட். பாட்டுக் கேட்கவில்லையா, பார்மட். ஸ்பீக்கர் ஒயர் கழன்று கிடந்ததற்கே ஒருமுறை பார்மட் அடித்தவன் நீ. உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று ஒருநாளும் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டால் வேலை கூடிவிடுமே. ஆனால் பேச்சு இருக்கிறதே, அப்பப்பா. மதர்போர்டு, பயாஸ், ரிஜிஸ்ட்ரி என்று நீ எடுத்துவிட்டால் வந்தவர்கள் பெரிய டாக்டரிடம் வந்த மாதிரி தலையாட்டுவார்கள். அதில் பாதி வார்த்தைக்கு உனக்கே அர்த்தம் தெரியாது.

புவியியல் சாரை நீ மறந்திருக்க மாட்டாய். இல்லை, மறந்திருப்பாய், உனக்கென்ன. நாலு வருடத்துக்கு முன்னால் நாகமலை புதுக்கோட்டையிலிருந்து சிஸ்டத்தைக் கொண்டுவந்தாரே, மிஷன் ஸ்கூலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஃபேன் சத்தம் போடுகிறது, தூசி தட்ட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. மதுரைக்கு மேற்கே உள்ள கண்மாய்களின் பெயர், ஒவ்வொரு கண்மாயிலும் உள்ள மடைகளின் பெயர், எந்த மடைத் தண்ணீர் எந்த வயலுக்குப் போனது என்று ஊர் ஊராகப் போய் வயசாளிகளிடம் கேட்டு, ஒற்றை விரலால் ஆறு வருடம் தட்டிச் சேர்த்து வைத்திருந்தார். “அம்புட்டும் இதுக்குள்ளதான் இருக்கு தம்பி, வேற எங்கயும் இல்ல. பாத்துக்கங்க,” என்று நம் இருவரையும் பார்த்துத்தான் சொன்னார். நீயும் கேட்டாய், நானும் கேட்டேன்.

ஃபேனைச் சுத்தம் செய்து ஓட விட்டிருந்தோம். அதுவாக அப்டேட்டில் இறங்கியது. அன்று சாயங்காலம் ஆயுத பூசை. வாடிக்கையாளர்கள் கொடுத்தது உட்பட கடையில் இருக்கும் சிஸ்டம் எல்லாவற்றையும் அணைத்து வரிசையாக வைத்துப் பொட்டு வைப்பது நம் வழக்கம். “இரு மாப்ள, சார் சிஸ்டம் இன்னும் ஓடுது,” என்றேன்.

“அது ஓடட்டும்னு விட்டா நல்ல நேரம் ஓடிரும்ல?” என்று சொல்லிக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினாய். பிடுங்கிய கையாலேயே சந்தனத்தைத் தொட்டு அதற்குப் பொட்டு வைத்தாய். பக்திமான்!

மறுநாள் காலையில் அது இதே மாதிரி சுற்றியது, அணைந்தது, மறுபடி எழுந்தது. மத்தியானம் வருகிறேன் என்று சார் போன் செய்திருந்தார். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட நீ யோசிக்கவில்லை.

“உள்ள சாரோட வேலை இருக்குடா,” என்றேன்.

“வெறும் கம்மாப் பேருதானடா. திரும்ப அடிச்சுக்கிருவாரு. பார்மட் அடிச்சிரு.”

விண்டோஸ் ஏற்றிய பென்டிரைவை நீட்டினாய். வாங்கிச் சொருகியது நான். அதை எழுதாமல் விட்டால் இந்த மடலும் உன் பேச்சு மாதிரி ஆகிவிடும்.

சார் வந்தார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நீ சொன்னாயே: “டிஸ்க் பழசு சார், தானா அடிவாங்கிருச்சு. டேட்டா போச்சு. பெட்டியைக் காப்பாத்தினதே பெரும்பாடு.” அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு வெகுநேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஒளிக்காம நேராச் சொன்னீங்களே தம்பி, அதுவே பெருசு,” என்று உன் கையைப் பிடித்தார். நீ கையைக் கொடுத்தாய். கூச்சமே இல்லையாடா உனக்கு? நான் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த செய்தி கேட்டு, அந்த மனுசன் இரண்டு பஸ் மாறி மாலையோடு வந்தார். உன் மனைவியிடம், “உண்மையைச் சொல்ற மனுசன்மா. இந்தக் காலத்துல அப்படி ஆள் கெடைக்காது,” என்றார். நீயோ கண்ணை மூடிக்கொண்டு அந்த மாலையையும் வாங்கிக்கொண்டாய்.

இன்று அந்த அக்காவின் சிஸ்டத்தை நான் பார்மட் அடிக்கவில்லை. மூன்று முறை எழும்ப விட்டு அணைத்தேன். ரிப்பேர் செய்யட்டுமா என்று கேட்கும் நீலத் திரை வந்தது. அதன் வழியாக உள்ளே போய், முதலில் அவருடைய ஃபைல்களை பென்டிரைவில் நகல் எடுத்தேன். அப்புறம், பாதியில் நின்ற அப்டேட்டைத் திரும்ப எடுத்துவிடு என்று ஒரே ஒரு வரி அடித்தேன். புள்ளிகள் சுற்றின. மேலே விமானம் ஒன்று ஏர்போர்ட்டுக்கு இறங்கிப் போனது. அக்கா என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அவருடைய பேத்தி படம் வந்ததும், “அடி ஆத்தி, வந்துருச்சு!” என்று கை தட்டினார். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இந்த வழி நாலு வருடத்துக்கு முன்னாலும் இருந்ததுதான். நாம்தான் தேடவில்லை.

அக்கா போனதும் ஷட்டரை இறக்கிவிட்டு நாகமலை புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். சார் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அழிந்துபோன பெயர்களைத் திரும்பச் சேர்க்கிறாராம். அன்று சொன்ன வயசாளிகளில் பாதிப் பேர் இப்போது இல்லையாம். கேட்டுக்கு வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பிளக்கை, பொட்டை, பென்டிரைவை, நீ சொன்ன பொய்யை, நான் சொல்லாமல் இருந்ததை.

பேனாவை மூடினார். “அப்ப டிஸ்க் நல்லாத்தான் இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சு சார்.”

“காப்பாத்த எம்புட்டு நேரம் ஆகியிருக்கும்?”

“ஒரு மணி நேரம் சார்.”

“அழிக்க?”

“அழிச்சு, திரும்ப ஏத்தி முடிக்க… அதுவும் ஒரு மணி நேரம்தான்.”

நோட்டையும் மூடினார். அப்புறம் வகுப்பில் பையன்களைக் கேட்கிற குரலில் கேட்டார்: “அந்த ஒரு மணி நேரம் நீங்க ரெண்டு பேரும் என்ன செஞ்சீங்க?”

இதற்கும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நீயாக இருந்தால் சொல்லியிருப்பாய்.

“பூசைக்கு வாங்குன பொரி மிச்சம் இருந்துச்சு சார். தின்னுக்கிட்டு இருந்தோம்.”

அவர் என்னை ஏசவில்லை. எழுந்து கேட்டைச் சாத்தினார். கொண்டி விழும் சத்தம் கேட்டது. பஸ் வரும்வரை உன்னை வாயில் வந்தபடி திட்டினேன் மாப்ள, சத்தமாகவே. பக்கத்தில் நின்றவர் நகர்ந்து போனார். அன்றைக்குப் பொரி தின்ற வாய் இரண்டு. ஒன்றை மாலை போட்டு எரித்துவிட்டோம். மற்றது என்னிடம் இருக்கிறது.