ஓகஸ்ட் மழைக்கு ஒரு டென்ட்

யட்டியாந்தோட்டை,
ஜூலை மாதத்து மழை நாள்.

கனடாவில் நனையாமல் இருக்கும் என் அக்கா தனுஜாவுக்கு,

உன் தங்கை ஷாமிளா கோபத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். நான் மட்டும் சுகமில்லை, காரணம் நீ. போனில் பேசினால் அப்பா "ஸ்பீக்கர்ல போடும்மா" என்பார். வாட்ஸ்அப்பில் எழுதினால் அம்மா வாசித்துக் காட்டச் சொல்வார். அதனால்தான் முத்திரை ஒட்டித் திட்டுகிறேன்.

கோடை விடுமுறைக்கு வருகிறோம், மழைக்குத் தாங்கும் குடும்ப டென்ட் ஒன்று பார்த்து வாங்கு என்று பணம் அனுப்பினாய். உங்கள் ஊரில்தான் அது கோடை, அக்கா. இங்கே அது குடை. ரப்பர் பால் வெட்ட முடியாமல் அப்பா வாரத்தில் பாதி நாள் வீட்டில்தான். இந்த மழையில் கேம்பிங் போக ஆசைப்படுவது தவளை மட்டும்தான்.

ஆனாலும் போனேன். பஜாரில் கடை முதலாளி என்னைத் தங்கச்சியாக்கி, "நங்கி, ஒரு சொட்டு உள்ள வராது" என்று கடை வாசலிலேயே ஒன்றை விரித்துக் காட்டினார். அப்படியென்றால் உள்ளே உட்காருங்கள் முதலாளி என்றேன். உட்கார்ந்தார். வாளித் தண்ணீரை ஊற்றினேன். இடுப்புச் சாரம் நனைந்து வெளியே வந்தவர் சிங்களத்தில் சொன்னதை இங்கே எழுதினால் உங்கள் ஊர்த் தபால்காரர்கூட வெட்கப்படுவார். அடுத்த டென்ட்டை அவரே எடுத்துத் தந்தார். உள்ளே மட்டும் உட்காரவில்லை. மேல்விரிப்பு தரைவரைக்கும் இறங்குகிறது. தரைத் துணி பேசின் மாதிரி ஓரம் நிமிர்ந்து நிற்கிறது. ஈரச் செருப்பையும் காலில் ஏறிய அட்டையையும் விட்டுவிட்டு வர வாசலில் சின்ன இஸ்தோப்பு. வாளி வாளியாக ஊற்றினேன், ஒழுகவில்லை. நம் தோட்ட லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவை விட நல்லது. போதுமா?

"அவருக்கு லயத்துக் காம்பராவுல படுக்கச் சரிவராது, புள்ளைக்கும் பழக்கமில்ல. நாங்க கிரவுண்ட்ல டென்ட் போட்டுக்கிறோம், அம்மாகிட்ட இப்ப சொல்லாத" என்று அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போன நேரம் பார்த்துப் போனில் சொன்னாய். அத்தானுக்குப் பழக்கமில்லை, சரி. நீ அந்தக் காம்பராவில் பிறந்தவள். உங்கள் ஊரில் கரடி திரியும் காட்டில் டென்ட் போட்டுப் படுப்பது ஜாலி. பெற்றவர்கள் பக்கத்தில் படுப்பதுதான் கஷ்டமோ?

இனி நடந்ததைக் கேள். டென்ட்டை லயத்துக்கு முன்னால் விரித்தபோது அம்மா வந்து யாருக்கு என்று கேட்டார். வாயைத் திறந்தாலே பொய் வரும் எனக்கு; அன்றைக்குப் பார்த்துப் பாதி உண்மை வந்துவிட்டது. "அக்கா வாறப்ப படுக்கத்தான்" என்றேன். அம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். "பாருங்களேன், எம் புள்ளைக்கு எம்புட்டு யோசனை! காம்பராவ அவங்களுக்கு விட்டுட்டு நாம ரெண்டு பேரும் நனையாம படுக்கத்தான் இத வாங்கச் சொல்லியிருக்கு" என்று அப்பாவிடம் சொன்னார்.

என் வாய் எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு டென்ட் முளையை அடிக்கக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்கப் போன இடத்தில், அப்பா எல்லோரிடமும் சொல்லிவிட்டார். மழைத்தண்ணீர் ஓட டென்ட்டைச் சுற்றிக் கான் வெட்டினார். காம்பராவுக்குக் கூரைத் தகரம் மாற்றி, நீலச் சாயம் பூசியாயிற்று. போன கிழமை, கொட்டுகிற மழையில், இருவரும் டென்ட்டில் படுத்துப் பழகினார்கள், அக்கா. பழகினார்கள்! காலையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த அம்மா, "மெத்தையில படுத்த மாதிரி இருக்குடி" என்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டென்ட்டை இழுத்துக் கட்டும் முளைகளை எல்லாம் ஒளித்துவிட்டேன். அவை இல்லாமல் இந்தக் காற்றுக்கு அது நிற்காது. காத்தமுத்து மாமா வீட்டு நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கிழட்டு நாய்க்குப் பல்லே இல்லை. அப்பா நம்பிவிட்டார்; என்னை நம்புகிற ஒரே ஆள்.

ஆகவே ஓகஸ்ட்டில் டென்ட் கிடையாது. உனக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை. ஆறு பேருக்கும் ஒரே காம்பராதான். சுவரோரம் உன் பழைய இடத்தை விட்டுத் தருகிறேன். அங்கே மட்டும் இன்னும் கொஞ்சம் ஒழுகுகிறது, வாளி வைக்கலாம். எங்கள் ஊர்க் கேம்பிங் இதுதான் என்று அத்தானிடம் சொல். அம்மாவிடம் மட்டும் எதையும் திருத்திச் சொல்லிவிடாதே, அக்கா. தன் பிள்ளைக்கு எம்புட்டு யோசனை என்று அவர் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

மாரியம்மன் உங்களை நனையாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்த பிறகு எங்களோடு சேர்ந்து நனையலாம்.

இன்னும் கோபம் ஆறாத,
சுவரோரத்தைக் கூட்டி வைத்திருக்கும்
தங்கை ஷாமிளா